எல்லாம் பச்சை

அலைன்மென்ட் கடையில் கொடுத்த தாளில்
நான்கு சக்கரத்துக்கும் பச்சை.
ஐந்நூற்றைம்பது ரூபாய், ஜிஎஸ்டி தனி.
கடை வாசலைத் தாண்டியதும்
ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தேன்.
ஐந்து எண்ணுவதற்குள் வண்டி
இடதுபக்க நடைபாதையை விசாரிக்கப் போனது,
மூன்று மாதமாகப் போவதைப் போலவே.

இந்தப் பச்சையை எனக்குத் தெரியும்.
கீழ்ப்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
பதினான்கு வருடமாக நானே அச்சடித்துத் தருகிறேன்.
"எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு சார்."
தாளை வாங்கி மடித்துக்கொள்வார்கள்.
விலாவில் வைத்த கையை மட்டும்
எடுக்க மாட்டார்கள்.

வில்லிவாக்கத்தில்
ரயில்வே சுவரை ஒட்டி டில்லிபாபுவின் ஷெட்.
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன்.
தாளில் கட்டைவிரல் கிரீஸைப் பதித்துத் திருப்பிக் கொடுத்தான்.
"மெஷினு நிக்கிற வண்டியத்தான்க்கா அளக்கும்.
ஓடுறப்ப இன்னா பண்ணுதுன்னு அதுக்கு எப்டித் தெரியும்?"

முதலில் ரோட்டைச் சந்தேகப்பட வேண்டுமாம்.
மழைத்தண்ணீர் வடிவதற்காக
எல்லா ரோடும் ஓரத்தைப் பார்த்துச் சாய்ந்துதான் கிடக்கும்.
வடிகிறதா என்பது வேறு கதை;
போன டிசம்பரில் இதே கார்
வாசலிலேயே மூன்று நாள் நீச்சல் பழகியது.
கோயம்பேடு. லாரிகள் கிளம்பிப் போன மதியம்.
சமமான சிமென்ட் தளம், அழுகிய தக்காளி வாசனை.
கையை எடுத்தேன்.

இடது.

ரோடு தப்பித்தது.

காற்று இரண்டிலும் முப்பத்திரண்டு.
டில்லிபாபு இறங்கி
முன்சக்கர இரும்பில் புறங்கையை வைத்தான்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்,
இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம்.
"பிரேக்கு புடிச்சிக்கினு இருந்தா ஒண்ணு மட்டும் சுடும்.
ரெண்டும் ஒரே சூடு."
கீழே படுத்து ராடு விட்டு நெம்பினான்.
எந்த புஷ்ஷும் அசைந்து கொடுக்கவில்லை.
எனக்கு ஏமாற்றமாக இருந்தது.
ஏதாவது ஒன்று உடைந்திருக்கக் கூடாதா என்று
என் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்
எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்.

ஜாக்கி போட்டு
இடது டயரை வலதில், வலது டயரை இடதில் மாட்டினான்.
வேறொன்றும் செய்யவில்லை.
ஓட்டினேன்.
வண்டி வலதுபக்கம் போனது.

"மாட்டிக்கினாரு" என்றான்.

எது என்று உறுதியாக
ஸ்டெப்னியையும் ஒருமுறை போட்டுப் பார்த்தான்.
அது நான் வாங்கிய புது டயர்,
ரப்பர் முடிகூட முழுதாக உதிரவில்லை.
வாங்கி மூன்று மாதம்.
இழுப்புக்கும் மூன்று மாதம்.
வருகிறவர்களிடம் எல்லாம்
"எப்போதிலிருந்து?" என்று கேட்கிற நான்
என்னை ஒருமுறையும் கேட்டுக்கொள்ளவில்லை.

டீ குடித்த காகிதக் கப்பைத் தரையில் படுக்கவைத்து
விரலால் தள்ளினான்.
கப் நேராகப் போகாமல்
அரைவட்டம் அடித்து அவன் செருப்பில் முட்டியது.
"உள்ள பெல்ட்டு ஒரு நூலு தள்ளி உக்காந்துருக்கும்.
கண்ணுக்குத் தெரியாது.
வெளிய டயரு, உள்ள கப்பு."

தூக்கிப் போட வேண்டுமா என்றேன்.
கடைக்காரனிடம் சண்டை போட பில் இருக்கிறதா என்றான்.
பில் இல்லை.
"அப்ப பின்னால மாட்டிக்கலாம்க்கா.
அங்க அது பேச்சு எடுபடாது."

நூறடி ரோட்டில் திரும்பி வரும்போது
வண்டி நேராகப் போகத் தயாராக இருந்தது.
ஆட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டினார்:
"யம்மா, லெப்ட்ல அம்மாம் எடம் கீது,
ஏன் என் மேல ஏர்ற?"
பார்த்தேன்.
மூன்று மாதம் எதிர்ப்பக்கம் பிடித்துப் பழகிய மணிக்கட்டு
இழுப்பு போனதை அறியாமல்
இன்னும் வலதுபக்கம் பிடித்துக்கொண்டிருந்தது.

திருமங்கலம் சிக்னலில்
விரல்களைப் பிரித்து உதறினேன்.
பச்சை விழுந்தது.
பின்னால் ஹார்ன்கள்.
மறுபடி இறுக்கிப் பிடித்தேன்.