இரவு இரண்டு பத்து

யூனியன் பிளேஸ், ஏழாம் மாடி.
ஏசி மட்டும் வேலை செய்கிறது, நானும்.
வெள்ளிக்குள் பழைய சேர்வரைக் காலி செய்யச் சொன்னார் இந்திக.
"ஒருத்தருக்கும் தெரியாததெல்லாம் குப்பை" என்றார்,
போகும்போது ஒரு கொத்து ரொட்டிப் பார்சலை வைத்துவிட்டு.

புதுசு, புதுசு2, கடைசி, மெய்யாகவே கடைசி.
கோப்புறைக்குள் கோப்புறை.
ஒன்று இன்னொன்றைக் கூப்பிடுகிறது, அது வேறொன்றை.
நூல் பிடித்துப் போனால்
ஒரு ஸ்கிரிப்ட். பெயர்: தற்காலிகம்.
பதினாறு வருடமாக
இரவு இரண்டு பத்துக்கு எழும்பி
தன் வேலையைப் பார்த்துவிட்டுப் படுக்கிறது.

தலைப்பில் ஒரு குறிப்பு. எழுதியது க. மேகவர்ணன்,
லொகின் எப்போதோ மூடியாயிற்று:
தபால் போகாத இடங்கள்.
தவணை பிந்தினால் தண்டம் போடாதே.
கீழே ஊர் இலக்கங்கள், நாற்பத்தொன்று.
யாரிடமும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை.

பதிவேட்டை முதலிலிருந்து உருட்டினேன்.
ஆயிரத்துச் சொச்சம், முன்னூறு, பன்னிரண்டு,
பிறகு வருடக்கணக்காகப் பூச்சியம், பூச்சியம்.
அழிக்கலாம்.
விரலும் போய்விட்டது விசைக்கு.

நேற்று இரவு: ஒன்று.

பெய்ரா வாவிப் பக்கம் இடி.
மணி ஒன்று ஐம்பத்தெட்டு.
கொத்து ஆறிப் போய்விட்டது.
பன்னிரண்டு நிமிடம்தானே,
இருந்து பார்ப்போம்.