இரவல்

காற்று திசைமாறிய பன்னிரண்டாம் நாள்.
யூகலிப்டஸ் கரிவாடை போகாத ஊர் மன்றத்தில்
யார் யாருடையதோ சட்டைகளில் ஜனம்.
நோரீனுக்கு வாய்த்தது எதிரணியின் கால்பந்து பனியன்.
"க்ளைவ் பார்த்தால் விவாகரத்துதான்" என்று சிரித்தாள்.
அப்புறம் யாரும் பேசவில்லை.
தண்ணீர் வண்டியோடு அவன் திரும்பாத வளைவு
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

என் வீடு தப்பியதைச் சொல்ல
இன்னும் நாக்கு கூசுகிறது.
அதில் தப்பியது அவளுடைய பீங்கான் பாத்திரமும்.
ஈஸ்டருக்கு வாங்கியது; மூன்று முறை கேட்டுவிட்டாள்,
நான்தான் சோம்பேறி.
அடியில் நகப்பூச்சால் க்ளைவின் கோணல் எழுத்து:
"நோரீன் வீட்டுடையது. திருப்பித் தா."

வெறும் பாத்திரமாகவா தருவது?
உருளைக்கிழங்கு அவித்து நிரப்பினேன்.
அவள் சாப்பிடவில்லை.
கவிழ்க்கவும் முடியாமல், ஆறும்வரை
அடியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.