தொண்ணூறு டிகிரி

பிரசவ வார்டின் விரிப்புகள்
விடிகாலை நாலு மணிக்குக் குழாய் வழியே வந்து விழும்.
ரத்தக் கறைக்கு முதலில் குளிர்ந்த நீர்,
பிறகுதான் தொண்ணூறு டிகிரி.
அவசரப்பட்டால் கறை துணியிலேயே குடியேறிவிடும்
என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன்.
டூயிஸ்பர்க் நகரில், நிலத்துக்கு அடியில்,
பதினோரு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று உலர்த்தியின் சல்லடையில்
ஒரு பிளாஸ்டிக் பட்டை கிடந்தது.
வளைத்தால் இரண்டு விரல் நுழையாது.
அம்மாவின் பெயர், தேதி, எடை எல்லாம் வெந்து போயிருந்தன.
மிஞ்சியது ஒரே சொல்:
பெண்.

"இன்னும் பெயர் வைக்கவில்லை போல" என்றாள் லாய்தி.
"அதுவே நல்லது" என்றாள் யெட்டர்,
சிரிக்காமல்.

யெட்டர் என்றால் அவள் மொழியில் போதும்.
யோஸ்காட் பக்கம் ஓர் ஊர், வீட்டில் நாலாவது பெண்.
கடவுள் காதில் விழட்டும் என்று
பெயரையே மனுவாகப் போட்டார் அப்பா.
அடுத்து வந்தவள் சோன்குல், கடைசி ரோஜா.
கடைசி ரோஜாவுக்குப் பிறகும் ஒன்று பூத்தது.
டொண்டு. திரும்பியாயிற்று.
"எது திரும்பியது?" என்றேன்.
"அதிர்ஷ்டம். அடுத்தது தம்பி" என்றாள்,
தலையணை உறையை உதறியபடி.

லாய்தி இரண்டே எழுத்து: வா, தம்பி.
"சோற்றுக்குக் கூப்பிட்டாலும் சரி,
பள்ளியில் வருகை எடுத்தாலும் சரி,
யாரோ ஒருவனைத்தான் கூப்பிட்டார்கள்.
நான் வெறும் அழைப்புமணி."
ஒன்றரை வருடத்தில் அவன் வந்தான்.
நான்சாங்கில் லாரி ஓட்டுகிறான்.
இவள் பிறந்தநாளுக்கு ஃபோன் செய்வதில்லை.

உல்போல்சன் கடைசியாகச் சொன்னாள்.
மகனாகட்டும். முழு வாக்கியமே பெயர்.
பத்தொன்பது வயதில் மாற்றப் போனாளாம்,
கிசிலோர்தாவில், கட்டணமும் கட்டி.
அய்சுலு என்று யோசித்து வைத்திருந்தாள், நிலவழகி.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள்
படிவத்தைப் படித்தாள். பேசவில்லை.
மார்பில் குத்தியிருந்த அட்டையை
இவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.
உல்டுவார்.
மகன் பிறப்பான்.
இருவரும் சிரித்த சிரிப்பில்
பின்னால் வரிசை நகரவே இல்லை.
கையெழுத்துப் போடாத அந்தப் படிவம்
இன்னும் பாஸ்போர்ட்டுக்குள் மடிந்து கிடக்கிறது.
"மாற்றியிருக்கலாமே?"
"அவள் மாற்றவில்லையே" என்றாள்.

பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

வீப்கெ. எம்டன் துறைமுகத்துக்காரி.
ஐம்பத்து மூன்று வருடத்தில்
இதற்கு என்ன பொருள் என்று ஒருவரும் கேட்டதில்லை.
எங்கள் பக்கத்துப் பழம்பேச்சில் சின்னப் பெண்.
அவ்வளவுதான். வேண்டுதல் இல்லை, சலிப்பு இல்லை,
அடுத்து வருகிறவனுக்குப் பாய் விரிக்கவில்லை.
சொல்லும்போது கூச்சமாக இருந்தது,
பசித்தவர் முன் சாப்பாட்டு டப்பா திறந்தது போல.

யெட்டர் பட்டையை வாங்கி
விளக்குக்கு நேரே பிடித்தாள்.
"அப்படியானால் இது உன் பெயர்தான்."

கண்டெடுத்த பொருள்களுக்கு ஓர் ஏடு உண்டு.
போன வாரம் பல்செட் ஒன்று, கத்தரி ஒன்று,
மோதிரம் இரண்டு.
இன்று: கைப்பட்டை ஒன்று, எழுத்து
என்று எழுதி, அடுத்து என்ன போடுவது
என்று பேனா நின்றது.

அதற்குள் ஏழாம் எந்திரம் பாரம் ஒருபக்கம் சாய்ந்து
தடதடக்கத் தொடங்கியது.
ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தி,
இரும்புக் கதவை உள்ளங்கையால் அறைந்து,
"யெட்டர்! யெட்டர்!" என்று கத்தினாள் யெட்டர்.
ஆறு வருடமாகக் கேட்கிற கத்தல்தான்.
இவள் ஏன் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்கிறாள்
என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

உருளைக்குத் துருக்கிய மொழி தெரியாது.
இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான்
நின்றது.