ஆசிட் ஊற்றிய பிறகும்

எடவப்பாதி மழையில் ஸ்லைடு காயாது.
ஜன்னலுக்கு அப்பால் ரப்பர் மரங்கள்
இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டி நிற்கின்றன.
குலசேகரத்தில் கரண்ட் போய் இருபது நிமிடம்.
நின்ற மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி
நானும் பன்னிரண்டு பேரின் சளியும்.

முதல் டப்பா ஞானசீலன், வயது நாற்பத்துநான்கு, பால்வெட்டு.
காலையில் எச்சில்தான் தந்தார்,
சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைநுரையாய்.
இது வாயில உள்ளது அண்ணா,
எனக்கு நெஞ்சில உள்ளது வேணும் என்றேன்.
"நெஞ்சில உள்ளத எல்லாம் கேட்டா எப்பிடி பிள்ளே"
என்று சிரித்தார்.
சிரிப்பு பாதியில் கொரையாகத் திரும்பி
அவரை வாசலுக்கு வெளியே இழுத்துப்போனது.
அயனிமரத்தடியில் குனிந்து நின்று
நனைந்து திரும்பியபோது
டப்பாவில் இருந்தது நான் கேட்டது.

ஈர்க்கில் ஒடித்து, நுனியைக் கடைந்து,
மஞ்சளாய்த் திரண்டதில் ஒரு துளி எடுத்து
முட்டை வடிவில் பரத்துவேன்.
அடியில் செய்தித்தாள் வைத்தால்
எழுத்து மங்கலாகத் தெரியவேண்டும், அதுதான் கணக்கு.
இன்று தெரிந்தது ரப்பர் ஷீட் விலை.
நான்கு ரூபாய் இறங்கியிருந்தது.

சிவப்பை ஊற்றி
விளக்கை அடியில் ஆட்டி ஆட்டி
ஆவி எழும்வரை. கொதித்தால் கெட்டது.
இந்த வாடையோடு போனால்
அம்மா வந்தாச்சு என்று சொல்லமாட்டான் மகன்,
ஆஸ்பத்திரி வந்தாச்சு என்பான்.

பிறகு ஆசிட்.
நிலைப்படியில் சாய்ந்து அவர் கேட்டார்:
"நாங்களும் இதத்தான் ஊத்துவோம், பாலு உறையதுக்கு.
நீங்க எதுக்கு?"
எல்லாச் சிவப்பும் ஓடினபிறகு
விடாமல் பிடித்திருப்பது யாருன்னு பார்க்க.
"யாரு?"
குழாயைத் திறந்தேன்.
தொட்டியில் இளஞ்சிவப்பு வழிந்து போனது.

கடைசியில் நீலம், அரை நிமிடம்.
ஒரு சொட்டு எண்ணெய்.
கரண்ட் இல்லாததால் கண்ணாடியைத் திருப்பி
மழையின் வெளிச்சத்தைப் பிடித்தேன்.
எங்கள் மாவட்டத்தில் நீலமான எதையும்
கடல் என்றுவிடுவார்கள்.
இது கடல் இல்லை.
வெளுத்து வெளுத்துப் போன யூனிஃபார்ம் சட்டை.

நூறு ஃபீல்டு பார்க்கவேண்டும்.
பத்து. இருபத்தேழு. ஒன்றும் இல்லை.
நாற்பத்தொன்றில் சிவப்பாய் ஒன்று,
சாயத்தின் மண்டி, அதை நம்பக்கூடாது.
ஐம்பதில் நிறுத்திவிடலாம் என்று
கழுத்து சொன்னது.
அறுபத்தெட்டில்
பென்சில் வழுக்கி இழுத்ததுபோல
லேசாய் வளைந்த ஒரு கோடு.
கண்ணை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன்.
இருந்தது.
எழுபத்தொன்றில் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து.
தொண்ணூற்றாறில் ஒன்று.

பத்துக்குக் கீழே என்றால் எண்ணையே எழுதவேண்டும்.
ரிஜிஸ்டரில் சிவப்பு மையில்
4 என்று எழுதினேன்.
முகம் இல்லாத எண்.
நேற்றைய பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் அவர்
விரலிடுக்கில் காய்ந்த பாலை
உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.
டாக்டர் சொல்லுவாரு, என்றேன்.
அவர் பார்த்தது என் விரல்நுனியை.
கையுறை ஓட்டையில் இறங்கியிருந்த சிவப்பு.
"சோப்பு போட்டா போவாதா?"
ரெண்டு நாள் ஆவும்.
"இதுக்கு?"
நெஞ்சைத் தொட்டுக் கேட்டார்,
கடையில் விலை கேட்பதுபோல.
ஆறு மாசம்
என்று சொல்லிவிட்டேன்,
நான் சொல்லக்கூடாததை.

அவர் விரலை மடக்கினார்.
ஆடி, ஆவணி என்று போய்
மார்கழியில் பெருவிரல் நின்றது.
"நல்ல பாலுள்ள மாசம் பூரா" என்றார்,
முடிக்கவில்லை.

உள்ளே மின்விசிறி சுற்றத் தொடங்கியது.
இன்னும் பதினொன்று காயவேண்டும்.