படம் 1, 212 கேபி

சோமனூர் சைசிங் மில்லின் ஆபீஸ் ரூமில்
மூன்று கம்ப்யூட்டர்கள்.
ஆளுக்கு அரை ஜிபி நினைவு.
கிலோ இருபதுக்குக் கேட்டார் பழைய இரும்புக்காரர்.
"இருக்கட்டுங்ண்ணா" என்று அனுப்பிவிட்டேன்.
விசிறியில் அடைந்த பஞ்சை
பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன்,
கஞ்சி வாடையோடு உயிர் வந்தது.

பிரௌசரைத் திறந்தால் தறியாட்டம் இரையும்.
பக்கம் பாதி இறங்குமுன்
ரெண்டாம் ஷிப்ட் சங்கு ஊதிவிடும்.
அதனால் நானே ஒன்று எழுதினேன்.

எழுதினேன் என்பது பொய். கழித்தேன்.
தானாக ஓடும் வீடியோ, போ.
மூலையில் குதிக்கும் சிவப்புப் புள்ளி, போ.
நீங்கள் அறிந்திருக்கக்கூடிய நபர்கள்,
அறிந்தவர்களே போதும் சாமி,
அதில் பாதிப் பேர் பாவுக் கூலி பாக்கி.
படத்துக்குப் பதிலாய் ஒரு வரி:
எத்தனை படம், எத்தனை கேபி.
இதயத்தை மட்டும் விட்டுவைத்தேன்.
ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும்,
இருப்பதிலேயே பெரிய பொத்தான்.

தமிழ்தான் மல்லுக்கு நின்றது.
ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்
முட்டிக்கொண்டு நின்றது.
கொடுவாயைக் கூட ஒழுங்காகக் காட்டாத திரை.
கொம்பைப் பிடித்து முன்னால் இழுத்துவர
நாலு ராத்திரி.

கடைசியில்
ஒரு நாள் முழுக்க நாற்பது கேபியில் வந்து இறங்கியது:
நூல் விலை, சூலூரில் மழை,
கூலிப் பேச்சு மறுபடி தள்ளிவைப்பு.
எட்டிப் பார்த்த நாச்சிமுத்து சொன்னான்,
"ஏனுங்க்கா, சந்தைக் கணக்கு நோட்டாட்ட இருக்குது."
அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டியதில்லை.

புதன்கிழமை.
சௌடேஸ்வரி: படம் 1, 212 கேபி.
வேறு வார்த்தை இல்லை.
மொட்டைமாடிச் செடியாக இருக்கும்,
பூனை குட்டி போட்டிருக்கும்.
கட்டைவிரலால் தட்டிவிட்டு
பீம் எண்ணப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது
அதன் கீழே வரிசை நீண்டிருந்தது.
ஆழ்ந்த இரங்கல்.
ஆழ்ந்த இரங்கல்.
நம்ப முடியலீங்க.
ஆழ்ந்த இரங்கல்.
எழுத்தாக வந்ததெல்லாம் பிசிறில்லாமல் வந்தது,
கொம்பெல்லாம் அதனதன் இடத்தில்.
எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ஆளாய்,
என் இதயம்.

யாருக்கு என்று எவரும் எழுதவில்லை.
அவர்களுக்குத்தான் படம் தெரிகிறதே.

படம் இறக்க வழி எழுத இருபது நிமிடம்.
விரல் நடுங்கியதில் ரெண்டு தடவை தப்பு.
பதினாறு சாம்பல் நிறத்தில்
மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கியது:
முதலில் கறுப்பு,
கண்ணீர் அஞ்சலியின் மேல்பாதி மட்டும்,
பிறகு கீழ்பாதி,
பிறகு மாலை, முடி, நெற்றி.
இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு வந்ததும்
நான் மின்சாரத்தை அணைத்தேன்.
திருமூர்த்தி. அவள் தம்பி.
பாலிடெக்னிக் பரீட்சை நாளில்
எக்ஸெல் வண்டியில் எங்கள் ரெண்டு பேரையும் ஏற்றி
அவிநாசி ரோட்டில் பறந்தவன்.
மீதி முகத்தை அந்தத் திரை
வரைந்து முடிக்க நான் விடவில்லை.

மறுபடி போட்டு
இதயத்தைத் திரும்ப எடுக்கத் தேடினேன்.
அதற்கு ஒரு வழி
நான் எழுதவே இல்லை.

கோபிக்குப் போன் போட்டேன்.
நெடுநேரம் மூச்சு மட்டும்.
பிறகு சொன்னாள்:
"மொதல்ல வந்தது உன்னுதுதான் புள்ள.
நீ பாத்துட்டயாட்டம்னு நெனச்சுட்டேன்.
கொஞ்சம் தைரியமா இருந்துச்சு."

ஆமாம் என்றும் சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை.

இப்போது அது நாற்பத்தொரு கேபி.
படம் உள்ள பதிவில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால்
'பார்த்தாச்சா?' என்று நிற்கும்.
நாச்சிமுத்து சலித்துக்கொள்கிறான்,
"எதுக்குங்க்கா இது இத்தன தரம் கேக்குது?"
சங்கு ஊதியது.
பீம் எண்ணப் போனேன்.