விநாடிக்கு ஒன்றிரண்டு

மார்ச் பிறந்தும் அரகாத்ஸ் மலையில் வழி திறக்கவில்லை.
பனிச்சறுக்குக் கட்டைகளில் ஐந்து மணி நேரம் ஏறினேன்,
முதுகில் லவாஷ் ரொட்டி, அவித்த பயறு,
ஊறிய முட்டைக்கோஸ், பத்து லிட்டர் டீசல்.
அவள் கேட்டிருந்தது டீசல் மட்டும்.

அருஸ்யாக். குளிர்கால முறைக்காரி.
தகரக் கூரைக்கடியில் நாற்பது நாளாகத் தனியாய்
வானத்திலிருந்து விழுவதை எண்ணுகிறாள்.
எனக்கும் நாற்பது நாள் நோன்பு என்றேன்.
என் கண்ணெதிரே மீன் டப்பாவைத் திறந்தபடி,
"உங்களுடையது முடிந்துவிடும், தேர் நிஷான்" என்றாள்.

ஜன்னலில் நான்கு சிகரங்கள்.
அவற்றின் நடுவே, கயிறில்லாமல்,
எங்கள் முதல் மேய்ப்பரின் விளக்கு தொங்குகிறதாம்.
இதயம் சுத்தமானவர்களுக்குத் தெரியுமாம்.
"பார்த்திருக்கிறீர்களா?"
இல்லை. இருபத்திரண்டு வருடக் குருத்துவத்தில்
ஒருமுறைகூட இல்லை.
என் தேநீரில் இரண்டாவது சர்க்கரைக் கட்டி
அந்தப் பதிலுக்காக விழுந்தது.

"கையை நீட்டுங்கள்" என்றாள்.
"விநாடிக்கு ஒன்றிரண்டு, உள்ளங்கை வழியே போகிறது.
கூரை வழியே, மேசை வழியே, கீழே பாறைக்குள்.
மியூவான் என்று பெயர்.
காற்றின் உச்சியில் பிறக்கிறது.
ஆயுள், விநாடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு.
அதை வைத்துக்கொண்டு அறுநூறு மீட்டர் வருவதே அதிகம்.
பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வருகிறது."

எப்படி?

"வேகம். அவ்வளவு வேகமாகப் போகிறவர்களின் கடிகாரம்
நம் கணக்கில் மெதுவாக ஓடும்."

உள்ளங்கையில் ஒன்றும் உறைக்கவில்லை.
இந்தக் கையில்தான் நான்கு நாள் இருந்தாள் நூனே.
நானே ஞானஸ்நானம் கொடுத்தேன், நானே மண் போட்டேன்,
ஒரே வாரம், ஒரே அங்கி.
வாய் முந்திக்கொண்டது:
"அப்படியானால் சின்ன ஆயுளும் சின்னதல்ல. இதுதானே நித்திய..."

"வேண்டாம்."
குரலை உயர்த்தவில்லை அவள்.
"அதன் கடிகாரத்தில் கூடுதலாய் ஒரு துளி நேரமும் கிடையாது.
என் எண்களை எடுத்து உங்கள் குழந்தையைப் போர்த்தாதீர்கள்.
அவளுக்குப் போதாது."

குருமடத்தில் தர்க்கம் படித்தவன் நான்.
காரணத்துக்குக் காரணம் என்று ஏறிப்போய்
முதல் காரணத்தின் காலடியில் மண்டியிடும் ஏணி
என்னிடம் உண்டு. சாய்க்கச் சுவர் இல்லை அன்று.
தெரியாத இடுக்கிலெல்லாம் கடவுளை வைத்து அடைக்கிறோம்,
காற்று வராமல் பழந்துணி திணிப்பதுபோல.
எவரோ ஜன்னலைச் செப்பனிடுகிறார்கள்;
துணி வெளியே போகிறது;
அவிசுவாசம் பெருகிவிட்டதென்று பிரசங்கிக்கிறோம்.

நடுச்சாமத்தில் ஜெனரேட்டர் நின்றது.
குழாய்க்குள் டீசல் மெழுகாய் உறைந்திருந்தது.
அவள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டாள்,
நான் வெந்நீர்த் துணி சுற்றினேன்.
மீண்டும் உறுமியபோது பதினேழு நிமிடம் போயிருந்தது.
"பதினேழு நிமிடமாய் யாரும் எண்ணவில்லை" என்றாள்,
அடுப்பில் பாலைப் பொங்கவிட்டவள்போல.

"அப்போதும் விழுந்ததா?"
"விழுந்தது."
"பார்த்தது யார்?"
சிரித்துவிட்டாள். "என்னை மாட்டவைக்கப் பார்க்கிறீர்கள்.
முன்னாலும் பின்னாலும் இருப்பதை வைத்துச் சொல்கிறேன்.
விழுந்தது. ஆனால் எழுத மாட்டேன்."
பதிவேட்டில் பதினேழு கட்டங்களை
வெறுமையாகவே விட்டாள்.

நானாக இருந்தால் நிரப்பியிருப்பேன்.
நிரப்பியும் இருக்கிறேன், நான்கு வருடமாக,
ஞாயிறு தோறும், அழகான வாக்கியங்களால்.

விடிந்ததும் கட்டைகளை மாட்டினேன்.
வாசலில் நின்று, என்னைப் பாராமல் சொன்னாள்:
"அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் நேரம் நீள்வதே இல்லை.
மலைதான் குறுகி எதிரே வருகிறது.
வெறும் கணக்கு. பிரசங்கத்தில் சொல்லிவிடாதீர்கள்."

சொல்லவில்லை.

கையுறை எதையும் தடுக்காது என்று தெரியும்.
ஆனாலும் கல் ஏரி தாண்டும்வரை
போட்டுக்கொள்ளவில்லை.