ஒற்றைப்படை ஆண்டின் ஈஸ்டர்

இரட்டைப்படை ஆண்டுகளில் ஈஸ்டர் எனக்கு,
ஒற்றைப்படையில் இம்கேவுக்கு.
தாளில் அப்படித்தான் இருக்கிறது,
இருவர் கையெழுத்தோடு.
ஆகவே பண்டிகைக்கு எட்டு நாள் முன்பே
லேயர் நகரத்து என் அடுப்படியில்
முட்டை செய்ய உட்கார்ந்தோம்
ஃபென்யாவும் நானும்.

கடையில் மாட்டுக்கொழுப்புதான் மலிவு.
நான் எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டுத்
தேங்காய்க் கொழுப்பைக் கூடையில் போட்டாள்.
"ஒரு பிராணிக்குச் சோறு போட
இன்னொன்றை உருக்கக் கூடாது."
ஒன்பது வயது.
பதில் இருந்தது என்னிடம், சொல்லவில்லை.

உருக்கினோம்.
சூரியகாந்தி விதை, ஓட்ஸ்,
சுத்தியலால் நான் நொறுக்கிய உப்பில்லாக் கடலை.
பாதிக்கு மஞ்சள்தூள்.
மீதிக்கு பீட்ரூட் சாறு; அது கொழுப்போடு ஒட்டாமல்
திட்டுத்திட்டாய் ஒதுங்கி நின்றது.
"குருவிக்கு எதற்கு நிறம்?"
"குருவிக்கில்லை, செடிக்கு."

அச்சில் ஊற்றி நடுவே சிவப்புக் கம்பளி நூல் நட்டு
இரவெல்லாம் பால்கனியில் இறுகவிட்டு
காலையில் வாசல் ஹேசல் செடியில்
பதினொன்றைக் கட்டினோம்.
பன்னிரண்டாவது உடைந்துபோனது.
அதை நக்கிப் பார்த்து முகம் சுளித்தாள்.
மாலை ரயிலில் பிரேமன் போய்விட்டாள்.

இரவு ஒன்பதுக்கு போன்.
"இன்றைக்கு யார் வந்தது?"
நான் பேருந்து ஓட்டுகிறவன்.
பகல் முழுக்கக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துப் பார்த்து
வீட்டுக்கு வந்தபின் எதையும் பாராதவன்.
"மரங்கொத்தி" என்றேன்.
"சிவப்பு எங்கே இருந்தது?"
"தலையில்."
"உச்சி முழுக்கவா, பின்னந்தலையில் மட்டுமா?"

மறுமுனையில்
பென்சில் நின்றது கேட்டது.

மறுநாள் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன்.
தேநீரில் கற்கண்டு வெடிக்கும் சத்தம் அடங்கிய பின்னும்
சன்னலை விட்டு எழவில்லை.

திங்கள்: நீலச் சிட்டு இரண்டு, தலைகீழாக.
செவ்வாய்: யாருமில்லை. காற்று மட்டும்
தர்பூசணி வாங்குகிறவரைப் போல
ஒவ்வொரு முட்டையாய்த் தட்டிப் பார்த்துப் போனது.
புதன்: காதில் குஞ்சம் வைத்த செவ்வணில்.
நூலைப் பல்லால் அறுத்து
பக்கத்து வீட்டு கேரேஜ் கூரைக்குக் கொண்டுபோய்
என்னைப் பார்த்தபடியே தின்றது.
வியாழன் எனக்கு வேலை, தெரியாது.
வெள்ளி இரவுப் புயலில் மூன்று விழுந்தன.
டார்ச் அடித்தேன்:
குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழுந்த முள்ளெலி
மஞ்சள் முட்டையை மூக்கால் உருட்டிக்கொண்டிருந்தது.
வெளிச்சம் பட்டும்
சுருண்டுகொள்ள மறந்திருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன்.
செவ்வாய்க்கிழமையை, தெரியாத வியாழனை.
பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஈஸ்டர் ஞாயிறு, காலையிலேயே கூப்பிட்டாள்.
பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம், தட்டுகள்,
சாக்லேட் முயலின் தாள் கசங்கும் ஒலி.
வாயில் இனிப்போடு
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"அப்பா, நோட்டில் அந்த மரங்கொத்தியை
அடித்துவிடட்டுமா?"

"அடித்துவிடு."

கோடு கிழிபடும் சத்தம்,
ஸ்கேல் வைத்துக் கிழித்தாள்போல, நீளமாய் வந்தது.
செடியில் வெறும் நூல்கள் சில ஆடின.
மழைக்கு இருட்டியிருந்தது.
நாற்காலியை இன்னும் கொஞ்சம்
சன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன்.